ஆகஸ்ட் 24 எப்படிப் பச்சையானது

பம்மல்
27.12.2008, சனிக்கிழமை இரவு

அன்புள்ள சித்திகா அக்காவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படி. யாரிடமும் காட்டாதே, உன் கையைப் பிடித்துக் கெஞ்சுகிறேன். மச்சானிடம் காட்டாதே, அவர் நல்லவர், ஆனால் நல்லவர்கள்தான் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் அத்தாவிடம் சொல்லிவிடுகிறார்கள். உன் மாமியார் எதிரில் பிரிக்காதே. அசார் குட்டிக்கு ஒன்பது மாதம்தான் என்றாலும் அவன் பக்கத்தில் வைத்துச் சத்தமாகப் படிக்காதே. படித்ததும் கிழித்துவிடு. கிழித்ததை ஒரே குப்பைக்கூடையில் போடாதே.

இங்கே அத்தா, அம்மா, நான் மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அத்தாவுக்கு மட்டும் இன்று காலை பத்தே முக்காலிலிருந்து பிரஷர் ஏறியிருக்கிறது. அதற்குக் காரணம் நான். அது அவருக்குத் தெரியாது. ஆம்பூரில் நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். நீங்களும் எனக்காக துஆ செய்யுங்கள், காரணம் கேட்காமல் செய்யுங்கள். நான் இப்போது உள் அறையில் இயற்பியல் படிக்கிறேன். அதாவது இயற்பியல் நோட்டை மேலே விரித்து, அதன் அடியில் உனக்கு எழுதுகிறேன். திங்கட்கிழமை என் வகுப்புத் தோழி மெட்டில்டா தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போகும்போது இதைத் தபால் பெட்டியில் போடுவாள். அவளுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, சமையல் குறிப்பு என்று சொல்லியிருக்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நீ பெருங்குடியில் வெளிநாட்டுக் கணிதப் புத்தகங்களை அச்சுக்கோக்கும் கம்பெனியில் இருந்தாயே, அப்போது ஒரு மே மாதம் எனக்கு டெக் என்ற அச்சுக்கோக்கும் மென்பொருளைக் கற்றுக்கொடுத்து ஒரு சிடியும் கொடுத்தாய். அந்த சிடிதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். உன்மேல் பழி போடவில்லை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் போடப்போகிறேன். போன வருடம் அந்த மென்பொருளில் ஹில்டா டீச்சர் மகளின் கல்யாணப் பத்திரிகையை ஆங்கிலத்தில் கோத்துக்கொடுத்தேன். அது வரி நீளம் பார்த்து, மாப்பிள்ளை ராஜகோபாலை ராஜ என்று மேல் வரியிலும் கோபால் என்று கீழ் வரியிலும் உடைத்து, நடுவில் ஒரு கோடும் போட்டுவிட்டது. முந்நூறு பத்திரிகை அச்சான பிறகு மாப்பிள்ளையின் அப்பா அத்தாவின் பிரஸ்ஸுக்கே வந்து, “கல்யாணத்துக்கு முன்னாடியே என் பையனை ரெண்டா வெட்டிட்டீங்களே பாய், இது நல்ல சகுனமா?” என்று அழுதார். அன்றைக்கு அத்தா என்னை நிற்கவைத்துச் சொன்னார்: “இன்னொரு தடவை பார்ட்டி வேலையில கை வெச்சே, ப்ளஸ் ஒன்ல உன்னை கம்ப்யூட்டர் குரூப்லேர்ந்து எடுத்து ஹோம் சயின்ஸ்ல போட்டுருவேன்.” அத்தா சொன்னால் செய்வார். இந்த வருடம் நான் ப்ளஸ் ஒன் என்பதை நினைவில் வைத்துக்கொள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குன்றத்தூருக்கு அந்தப் பக்கம் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு ஜப்பான் கம்பெனி இருக்கிறது. அங்கே பொருள் வாங்கும் அதிகாரி தோத்தாத்ரி சார் அக்டோபரில் அத்தாவிடம் வந்து அறுநூறு மாதக் காலண்டர் கேட்டார். ஜப்பான் விடுமுறைகள் சிவப்பிலும் நம்மூர் விடுமுறைகள் பச்சையிலும் இருக்க வேண்டும். “எங்களவா என்னிக்கு வேலைக்கு வரமாட்டான்னு அவாளுக்குத் தெரியணும். அவா தலைமை ஆபீஸ்ல என்னிக்குப் போன் எடுக்கமாட்டான்னு எங்களுக்குத் தெரியணும். அவ்வளவுதான் பாய்” என்றார். அத்தாவுக்கு ரொம்பச் சந்தோஷம். நம் அத்தா காலண்டரில் யாருக்கும் சளைத்தவரா? ஐந்து வேளை தொழுகிற மனுஷனுக்கு அஷ்டமி நவமி எல்லாம் மனப்பாடம், பம்மல் நகைக்கடைக்காரர்கள் நல்ல நேரம் கேட்டு அவருக்குத்தான் போன் செய்கிறார்கள். ஆனால் ஜப்பான் அவருக்கும் புதிது. வேலையை ஜெயவேலு அண்ணனிடம் கொடுத்துவிட்டு, தினசரிக் காலண்டருக்குப் பட அட்டை எடுக்க சிவகாசிக்குப் போய்விட்டார்.

ஜெயவேலு அண்ணனை உனக்குத் தெரியும், பத்து வருடமாக நம் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருப்பவர். அவர் பிரவுசிங் சென்டரில் ஏதோ ஒரு பழைய பட்டியலைப் பிடித்து, ஒவ்வொரு தேதியாகக் கையால் அடித்தார். ஜப்பானில் இருபது வயதானவர்களைப் பெரியவர்களாகக் கொண்டாடும் ஒரு விடுமுறை உண்டு, அது இப்போது ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமை; அண்ணனின் பட்டியல்படி மாட்டுப் பொங்கலன்று ஜப்பான் பிள்ளைகள் எல்லாம் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள். தோத்தாத்ரி சார் ப்ரூஃபை அப்படியே திருப்பி அனுப்பினார், கூடவே ஹயாஷி சார் ஆங்கிலத்தில் எழுதிக்கொடுத்த விதிமுறைகள் ஒரு பக்கம். ஹயாஷி சார்தான் அங்கே பெரிய மேனேஜர். அப்புறம் இரண்டாவது ப்ரூஃபும் திரும்பியது. மூன்றாவதும் திரும்பியபோது அந்த நவம்பர் மழை வந்தது. பள்ளிக்கூடம் லீவு, அரையாண்டுத் தேர்வு ஜனவரிக்குத் தள்ளிப்போனது, ரயில் ஓடாமல் அத்தா சிவகாசியிலேயே மாட்டிக்கொண்டார். பரீட்சை முடிகிறவரை கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்று அம்மா உத்தரவு. மெட்டில்டாவின் நோட்டை ஜெராக்ஸ் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு நான் கீழே பிரஸ்ஸுக்கு இறங்கினேன். வாசலில் கணுக்கால் தண்ணீர். ஜெயவேலு அண்ணன் நாற்காலிமேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அந்த ஒரு பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாம்மா ரூக்சாரு, இந்த ஜப்பான்காரன் லீவு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது. ஜனவரி ரெண்டாவது திங்கக்கெழமைன்றான். எந்தத் தேதின்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? ஒரே பேஜாரா கீது” என்றார்.

நான் அந்தப் பக்கத்தைப் படித்தேன் அக்கா. படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சில விடுமுறைகள் தேதிக்கு, சில விடுமுறைகள் கிழமைக்கு. வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று, பகலும் இரவும் சமமாகும் நாளைப் பார்த்து அரசாங்கமே முந்தின வருடம் அறிவிக்கிறது. விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் அது வீணாகப் போகக்கூடாது, அடுத்து வரும் சாதாரண நாளை விடுமுறையாகக் கொடுக்க வேண்டும். இரண்டு விடுமுறைக்கு நடுவே ஒரே ஒரு வேலைநாள் மாட்டிக்கொண்டால் அதுவும் விடுமுறை. இதையெல்லாம் ஒரு மனிதர் கையால் அடிக்க முடியுமா? தேதியைக் கொடுத்தால் பெயரைச் சொல்லும் ஒரு சின்ன நிரல் எழுதிவிட்டால் போதும், டெக் தானே பன்னிரண்டு மாதத்தையும் கோத்துவிடும். வருடத்தை மாற்றினால் அடுத்த வருடக் காலண்டரும் தயார். “அண்ணா, நான் செய்யட்டுமா?” என்றேன்.

“பாய்க்குத் தெரிஞ்சா என்னிய உருட்டிடுவாரு.”

“நீங்க செஞ்சதா சொல்லிடுங்க.”

அவர் வாசல் தண்ணீரைப் பார்த்தார், மூன்று ப்ரூஃபையும் பார்த்தார், எழுந்து நாற்காலியைக் கொடுத்தார்.

மூன்று நாள் ஜெராக்ஸ் எடுத்தேன். அம்மா, மெட்டில்டா அவ்வளவு எழுதுவாளா என்று வியந்தார். எழுதி முடித்து ஓட்டினபோது செப்டம்பர் 2009 திரையில் வந்தது. திங்கள் 21 முதியோரை மதிக்கும் நாள், புதன் 23 பகலிரவு சமநாள், நடுவில் செவ்வாய் 22, நான் தனியாகச் சொல்லாமலேயே சிவப்பாக நின்றது. ஜெயவேலு அண்ணன் திரைக்குக் கிட்டே போய், “நடுவுல மாட்னதுக்கும் லீவு வுட்டுக்கீது பார்! அதுக்கு யார் சொன்னா?” என்றார். நான் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? அப்படியே நம்மூர் விடுமுறைகளையும் சேர்த்துவிடு என்றார். அந்தப் பட்டியலையும் ஜப்பான் பட்டியலுக்குக் கீழேயே ஒட்டிவிட்டேன். ஒரே நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் இப்போது அழுதுகொண்டிருக்கிறேன்.

நாலாவது ப்ரூஃபில் ஒரே ஒரு கோளாறு வந்தது. 2009இல் நோன்புப் பெருநாளும் செப்டம்பர் 21ஆம் தேதி அன்றுதான். அதன் பக்கத்தில் நட்சத்திரம் போட்டு, பிறை தெரிவதைப் பொறுத்து மாறும் என்று அடிக்குறிப்பு வைத்திருந்தேன். கட்டம் ஒன்றுதானே, நட்சத்திரம் போய் முதியோரை மதிக்கும் நாளின் வாலில் ஒட்டிக்கொண்டது. தோத்தாத்ரி சார் போனில், “ஏன் பாய், பெரியவாளுக்கு மரியாதை கொடுக்கறதெல்லாம் இனிமே பிறை பார்த்துத்தானா?” என்றார். சிவகாசியிலிருந்து வந்திருந்த அத்தா விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அந்தச் சமநாளுக்கும் ஒரு நட்சத்திரம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். “வானத்தைப் பார்த்து அறிவிக்கிறாங்கன்னா அது நம்ம பிறை மாதிரிதானே? நாளைக்கு மாறிப்போச்சுன்னா பழி நம்ம மேல வரும்.” ஹயாஷி சாருக்கு அந்த நட்சத்திரம் மிகவும் பிடித்துப்போனதாம்.

ஐந்தாவது ப்ரூஃபுக்கு ஒப்புதல் வந்தது. அத்தா, ஜெயவேலு அண்ணனின் முதுகில் தட்டி, “உனக்குள்ள இவ்வளவு வித்தை வெச்சிருந்தியாடா” என்றார். அண்ணன் தரையைப் பார்த்தார். நான் மாடிப்படியில் நின்று அதைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஒரு குதி குதித்தேன். அக்கா, அந்த ஒரு மாதம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்கு எப்படிச் சொல்வது? காலண்டர் அச்சாகி, மேல் விளிம்பில் தகரம் அடித்து, போன செவ்வாய்க்கிழமை கம்பெனிக்குப் போனது. மீந்த ஒன்றை அம்மா சமையலறையில் மாட்டினார். உப்பு டப்பாவை எடுக்கும்போதெல்லாம் நான் ஜப்பானுக்குப் போய்வந்தேன்.

இன்று காலை பத்தே முக்காலுக்கு ஹாலில் போன் அடித்தது. அத்தா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். தோத்தாத்ரி சார் குரல்.

“பாய், நான் இருபத்திரண்டு வருஷமா பர்ச்சேஸ்ல இருக்கேன். காலண்டர் வாங்கினா தேதி வரும். லீவும் சேர்ந்து டெலிவரி ஆனது இதான் முதல் தடவை.”

“புரியலையே சார்.”

“ஆகஸ்ட் இருபத்தினாலு, திங்கக்கிழமை. பச்சை. செப்டம்பர் இருபத்தொம்பது, செவ்வாய்க்கிழமை. அதுவும் பச்சை. என்ன பண்டிகை பாய் அது? எங்க ஆத்துல நான் கொண்டாடினதில்லையே?”

சமையலறைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன். சின்ன எழுத்தில், மாற்று விடுமுறை என்று இருந்தது. விநாயகர் சதுர்த்தி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஆகவே என் நிரல் மறுநாள் திங்கட்கிழமையை விடுமுறையாகக் கொடுத்துவிட்டது. ஆயுத பூஜையும் ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் விஜயதசமி ஏற்கெனவே விடுமுறை, ஆகவே நியாயமாக அதற்கும் அடுத்த செவ்வாய்க்கிழமையைக் கொடுத்திருக்கிறது. ஜப்பான் விதி நம் பிள்ளையாருக்கும் சேர்ந்து ஓடியிருக்கிறது. நடுநாள் விதிக்குச் சொன்ன மாதிரி, இந்த விதியும் ஜப்பான் பட்டியலுக்கு மட்டும்தான் என்று நான் சொல்லவில்லை. அத்தா ப்ரூஃபில் நம் பண்டிகைகள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தன. இருக்கக்கூடாதது எதுவும் இருக்கிறதா என்று யார்தான் பார்ப்பார்கள்?

அதற்குள் கம்பெனியில் நடந்ததைக் கேள். யூனியன் தலைவர் துரை என்பவர் கோவளத்துக்காரர். அவர் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கிறது. “விநாயகர் சதுர்த்திக்கும் ஆயுத பூஜைக்கும் பறிபோன விடுமுறையைத் திருப்பிக் கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி” என்று அறிவிப்புப் பலகையில் எழுதி, நானூறு பேரும் சேர்ந்து ஹயாஷி சாருக்கு லட்டு ஊட்டி, போட்டோவும் எடுத்துவிட்டார்கள். “லட்டு ஊட்டினப்புறம் நான் எப்படி பாய் லீவைத் திரும்ப வாங்கறது?” என்று தோத்தாத்ரி சார் கேட்டார். இனி நம் பிரஸ்ஸுக்கு ஒரு விசிட்டிங் கார்டு வேலைகூட வராது என்று சொல்லிப் போனை வைத்தார்.

அத்தா கீழே இறங்கிப் போனார். நான் மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டேன்.

“இது எப்படி வந்துச்சு ஜெயவேலு?”

“கண்ணு சொருகிப்பூட்ச்சு பாய். நான்தான்.”

“கண்ணு சொருகினா எழுத்து விட்டுப்போகும். ரெண்டு லீவு புதுசா வருமா?”

“எனக்கே தெர்ல பாய்.”

“தெரியாதவன் என்னத்துக்கு இங்க உட்கார்ந்திருக்கே? திங்கக்கிழமையிலேர்ந்து வராதே.”

“சரி பாய்” என்று அண்ணன் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். படியில் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டி, வேண்டாம் என்றார். பத்து வருடமாக இங்கே இருப்பவருக்கு என்னால் வேலை போய்விட்டது அக்கா. ஹோம் சயின்ஸ்கூடப் படித்துவிடுவேன், ஆனால் அந்த டிபன் பாக்ஸ் என் கண்ணிலேயே நிற்கிறது.

அதனால் நீ எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அத்தாவுக்குப் போன் செய். நிரல் உன்னுடையது, சிடியில் நீ கொடுத்தது, பிழையும் உன்னுடையது, ஜெயவேலு அண்ணன் அப்பாவி என்று சொல்லிவிடு. நீ ஆம்பூரில் இருக்கிறாய், உன்னை அத்தா எந்தக் குரூப்பிலிருந்தும் எடுக்க முடியாது. அதோடு நீ அவருடைய அண்ணன் மகள், உன்மேல் அவருக்குக் கோபமே வராது. அப்படியே வந்தாலும் அசார் குட்டியை ஒரு தடவை போனில் அழவிடு, இறங்கிவிடுவார். இது பொய்தான். ஆனால் பாதிதான் பொய், ஏனென்றால் டெக்கை எனக்குக் கற்றுக்கொடுத்தது நீதானே?

மச்சானுக்கு என் சலாம். மாமியாருக்கு என் சலாமும், முழங்கால் வலி குறைய துஆவும். குட்டிக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். அல்லாஹ் உங்கள் எல்லோரையும் சுகமாக வைப்பானாக, என்னையும் இந்த ஒரு தடவை காப்பானாக.

உன் அன்புத் தங்கை,
ரூக்சார்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே! போன் பண்ணவே பண்ணாதே! கையெழுத்துப் போட்டு முடிக்கும்போது வாசலில் ஜெயவேலு அண்ணனின் மொபெட் சத்தம் கேட்டது. தோத்தாத்ரி சார் மறுபடி பேசுவதாகச் சொல்லியிருந்தாராம், காலண்டர் போட்ட ஆளும் கூட இருக்க வேண்டுமாம், அதனால் அத்தாதான் அவசரமாக வரச்சொல்லியிருக்கிறார். பின்னாலேயே போனும் அடித்தது. கதவில் காதை வைத்துக் கேட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

தோத்தாத்ரி சார் சொல்கிறார்: “ஞாயித்துக்கிழமை பண்டிகை வந்தா மறுநாள் லீவு விடறதுதானே முறை, இதுல என்ன தப்புங்கறார் ஹயாஷி சார். ப்ரூஃப்ல அந்த ரெண்டு தேதியிலும் அவரே டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டிருக்கார். நான்தான் கவனிக்கலை. லட்டு வேற சாப்பிட்டாச்சு. ரெண்டு லீவும் இருக்கட்டும்னுட்டார்.”

அத்தா, “அல்ஹம்துலில்லாஹ்” என்று மூன்று தடவை சொன்னார்.

“இன்னும் ஒண்ணு பாய். அவர் ஊர்லயே இவ்வளவு கரெக்டா யாரும் போட்டுக் கொடுத்ததில்லையாம். போட்ட ஆளை நேர்ல பார்க்கணுமாம். திங்கக்கிழமை அனுப்பி வையுங்கோ. எப்படிப் பண்ணேன்னு அவருக்குக் கம்ப்யூட்டர்ல காட்டட்டும்.”

போனை வைத்துவிட்டார்கள். அத்தா, “கேட்டியா ஜெயவேலு?” என்றார். அண்ணன், “கேட்டேன் பாய்” என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சமையலறை ஆணியிலிருந்து காலண்டரை எடுக்கும் சத்தம். தாள் புரளும் சத்தம்.

“சரி, நான் ஹயாஷி சாருன்னு வெச்சுக்க. மே மாசம் ஆறாம் தேதி, புதன்கிழமை, சிவப்பு போட்டிருக்கே. எதுக்கு லீவு?”

“அது வந்து பாய்... அக்னி நட்சத்திரம். வெயிலு.”

“ஜப்பான்ல?”

அம்மா, “அந்த மழையில இவ மூணு நாள் ஜெராக்ஸ் எடுத்தாளுங்க” என்று மெதுவாகச் சொல்வது கேட்கிறது. நாற்காலி நகர்கிறது. செருப்புச் சத்தம் இந்தப் பக்கம் வருகிறது.

கதவைத் தட்டுகிறார்.

“ரூக்சார், பிசிக்ஸ் படிச்சது போதும். மே ஆறு எதுக்கு லீவுன்னு வந்து இந்த அண்ணனுக்குச் சொல்லிக்குடு. திங்கக்கிழமை நீயும் கூடப் போகணும்.”

அக்கா, மூன்றாம் தேதி விடுமுறை ஞாயிற்றுக்கிழமை வருகிறது, நான்கும் ஐந்தும் ஏற்கெனவே